மீதி பத்து மார்க் எங்கே?

பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மார்க்குக்கு ‘ஏ’ கிரேடு... அமெரிக்காவில் இதையெல்லாம் பெரும்பாலும் முடிவு செய்வது வாஷிங்டன் அல்ல, உள்ளூர்க் கல்விக் குழு. அங்கே வளரும் நம் பேரப்பிள்ளைகளின் தூக்கமும் மார்க்கும் அந்த மேசையில்தான் இருக்கின்றன.

தொண்ணூறு மார்க் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறான் பையன். அப்பா பாராட்டவில்லை. மீதி பத்து எங்கே போயிற்று என்று கேட்கிறார்.

சென்னையிலோ சேலத்திலோ நடந்தது போலத் தோன்றும். நடந்தது அமெரிக்காவில், இந்தியாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பத்தில். அந்தப் பையன் இன்று அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ரோ கன்னா. சன்னிவேல், சான்டா கிளாரா, கூப்பர்டினோ என்று தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர்களெல்லாம் அவருடைய தொகுதிக்குள் வருகின்றன. 2025 மே மாதக் கடைசி வாரத்தில் அவர் தன் அப்பாவின் கேள்வியைச் சமூக ஊடகத்தில் நினைவுகூர்ந்தார். எண்பது மார்க்குக்கு ‘ஏ’ கொடுத்தால், அது அமெரிக்கக் கனவுக்கும், பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்று நினைக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் துரோகம் என்று கொதித்தார்.

கொதிப்புக்குக் காரணம் சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளி மாவட்டத்திலிருந்து கசிந்த ஒரு திட்டம். வீட்டுப்பாடமும் வாராந்தரத் தேர்வும் இறுதி கிரேடில் சேராது. இறுதித் தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதலாம். தாமதமாக வந்தாலும், வேலையைத் தாமதமாகக் கொடுத்தாலும் கிரேடு குறையாது. 14 உயர்நிலைப் பள்ளிகளில் இது வரப்போகிறது என்று மே 27 அன்று ஓர் உள்ளூர்ச் செய்தித்தளம் எழுதியது. பக்கத்து ஊரான சான் லியாண்ட்ரோவில் இதே வழியில் 80-க்கு ‘ஏ’யும், 21-க்கே பாஸும் கிடைப்பதாகவும் அது சொன்னது. கல்விக் குழுவிடம் ஒப்புதல் கேட்கப்படவில்லை. 25 பக்க நிகழ்ச்சி நிரலோடு இணைத்த விளக்கப் படத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்றே மூன்று சொற்களாக இந்தத் திட்டம் ஒளிந்துகொண்டிருந்தது என்பது அதன் குற்றச்சாட்டு.

பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் மரியா சூ, இது சில ஆசிரியர்களுக்கான பயிற்சிதான், கொள்கை முடிவல்ல என்று விளக்கினார். மேயர் டேனியல் லூரி எதிர்த்தார். செய்தி வந்த மறுநாளே திட்டம் நிறுத்தப்பட்டது. பல வருடமாகக் கல்வியாளர்கள் விவாதித்துவந்த ஒரு யோசனை, ஒரே இரவில் குப்பைக்குப் போயிற்று. அது நல்ல யோசனையா கெட்ட யோசனையா என்று அந்த ஊர்ப் பெற்றோர் உட்கார்ந்து பேசும் வாய்ப்பே வரவில்லை.

யார் இந்தக் குழுவினர்?

அமெரிக்காவில் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. சில மாவட்டங்களில் நான்கைந்து பள்ளிகள், சிலவற்றில் பல நூறு. பெரும்பாலான இடங்களில் ஊர் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் கல்விக் குழுதான் தலைமை. அது அமர்த்தும் கண்காணிப்பாளர் நிர்வாகத்தைப் பார்க்கிறார். குழுவுக்குக் கீழே துணைக் குழுக்கள்: மாணவர் நலத்துக்கு ஒன்று, பாடத்திட்டத்துக்கு ஒன்று, பள்ளி நேரத்துக்கு ஒன்று, கிரேடு முறையை ஆராய ஒன்று.

துணைக் குழு பரிந்துரைக்கும், கல்விக் குழு வாக்கெடுக்கும், கண்காணிப்பாளர் விதியாக்குவார். அதன்பின் வகுப்பறை. கலிஃபோர்னியாச் சட்டத்தில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஆசிரியர் போட்ட கிரேடே இறுதி. எழுத்துப் பிழை, மோசடி, கெட்ட எண்ணம், திறமையின்மை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலொழிய அதை யாரும் மாற்ற முடியாது. ஆக, குழு வகுப்பது ஆட்டத்தின் விதிகளை. அந்த விதிகள் மாறினால் வருடம் முழுக்க ஆட்டமே மாறிவிடும்.

▌பெட்டிச் செய்தி: சட்டம் கேட்கும் நலக் கொள்கை
▌● மத்திய அரசின் மதிய உணவுத் திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் எழுத்து வடிவில் ஒரு நலக் கொள்கை வைத்திருக்க வேண்டும். 2004-ல் வந்த சட்டம் இது, 2010-ல் இறுக்கப்பட்டது.
▌● கொள்கையை உருவாக்குவதில் பெற்றோர், மாணவர், உடற்கல்வி ஆசிரியர், பள்ளி நலப் பணியாளர், பொதுமக்கள் பங்கேற்க இடம் தர வேண்டும். 3 ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பிட்டு, முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும்.
▌● டெக்சஸில் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் நல ஆலோசனைக் குழு கட்டாயம். அதில் பெரும்பான்மையினர் பெற்றோராக இருக்க வேண்டும். அவர்கள் மாவட்டத்தின் ஊழியர்களாக இருக்கக் கூடாது. வருடத்துக்குக் குறைந்தது 4 கூட்டம்.

முப்பத்து நான்கு நிமிடம்

குழு ஒழுங்காக வேலை செய்தால் என்ன கிடைக்கும்? சியாட்டில் நகரம் பதில் வைத்திருக்கிறது.

வளரிளம் பருவத்தில் உடலின் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளை பதினொரு மணிக்கும் விழித்துக்கிடப்பதற்கு செல்போன் மட்டும் காரணமில்லை, உடம்பும் காரணம். அந்தப் பிள்ளையை ஆறு மணிக்கு எழுப்பி, ஏழே முக்காலுக்கு வகுப்பில் உட்காரவைத்தால் என்ன படிக்கும்? 2014-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், எட்டரைக்கு முன்னால் உயர்நிலைப் பள்ளிகளைத் தொடங்காதீர்கள் என்றது.

கேட்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் பள்ளி நேரத்தைத் தொட்டால் ஊரின் மொத்த அட்டவணையும் ஆடும். ஒரே பஸ் முதலில் பெரிய பிள்ளைகளை இறக்கிவிட்டு, அடுத்த நடையில் சின்னப் பிள்ளைகளை ஏற்றப் போகிறது. பெரியவர்களைத் தாமதமாக்கினால் சின்னவர்களை முன்னால் இழுக்க வேண்டும். விளையாட்டுப் பயிற்சி இருட்டில் முடியும். மாலையில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனும் அக்காவும் வீடு திரும்ப நேரமாகும். இவ்வளவு சிக்கலையும் விவாதித்துவிட்டுத்தான் சியாட்டில் குழு ‘சரி’ என்றது. 2016-ல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரம் காலை 7.50-லிருந்து 8.45 ஆனது.

அங்கேதான் ஒரு நல்ல காரியம் நடந்தது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரூஸ்வெல்ட், ஃபிராங்க்ளின் என்ற இரண்டு பள்ளிகளில் உயிரியல் படிக்கும் மாணவர்களின் மணிக்கட்டில் அசைவைப் பதிவுசெய்யும் கருவியைக் கட்டினார்கள். பள்ளி தாமதமாகத் தொடங்கினால் பிள்ளைகள் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்று சொன்னவர்களின் வாதம் நிற்கவில்லை. பள்ளி நாள் தூக்கம் 6 மணி 50 நிமிடத்திலிருந்து 7 மணி 24 நிமிடமாக உயர்ந்தது. ஒரு நாளைக்கு 34 நிமிடம் கூடுதல். அந்த வகுப்பின் மதிப்பெண் சுமார் 4.5 சதவீதம் கூடியிருந்தது. வசதி குறைந்த மாணவர்கள் அதிகமுள்ள ஃபிராங்க்ளின் பள்ளியில் வருகையும் நேரந்தவறாமையும் மேம்பட்டன. 2018-ல் ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் இது வெளியானது.

டியூஷன் வைக்காமல், புதுப் பாடப்புத்தகம் வாங்காமல், கடிகாரத்தைத் தள்ளிவைத்தே கிடைத்த பலன் இது. நலக் குழு தனி, மதிப்பீட்டுக் குழு தனி என்று பிரித்துவைக்கும் மாவட்டங்கள் சியாட்டிலைப் பார்க்க வேண்டும். தூங்காத பிள்ளைக்குப் போடும் மார்க், அது படித்ததை மட்டுமா அளக்கிறது?

கலிஃபோர்னியாவில் இதே விஷயம் சட்டசபைக்குப் போனது. 2018-ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன், இதை அந்தந்த ஊரே முடிவு செய்யட்டும் என்று மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அடுத்த ஆண்டு கெவின் நியூசம் கையெழுத்திட்டார். 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன்னும், நடுநிலைப் பள்ளிகள் எட்டுக்கு முன்னும் தொடங்கக் கூடாது. கிராமப்புற மாவட்டங்களுக்கு மட்டும் விலக்கு. ஊர்க் குழுக்கள் தாமதித்தால் அதிகாரம் மேலே போய்விடும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

நியூஜெர்சியில் பிளந்த ஊர்

வெஸ்ட் வின்ட்சர், பிளெயின்ஸ்பரோ. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், ரயிலேறினால் நியூயார்க் போய்விடக்கூடிய இரட்டை ஊர்கள். ‘அங்கே ஸ்கூல் நல்ல ஸ்கூல்’ என்ற ஒரே காரணத்துக்காக வீட்டு விலையைப் பார்க்காமல் குடியேறிய இந்தியக் குடும்பங்கள் ஏராளம், தமிழர்களும் உண்டு. 2015-ல் அந்த மாவட்டத்தில் சுமார் 9,700 மாணவர்கள். அவர்களில் 65 சதவீதம் ஆசிய அமெரிக்கர்கள்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். முந்தைய கல்வியாண்டில் நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 120 பேர் மனநல மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தனர். 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தனர். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் மாணவர்களை அடுத்தடுத்துத் தற்கொலையில் இழந்து அந்த ஊரே நிலைகுலைந்திருந்த நேரம் அது. அந்தக் கதி நம் ஊருக்கும் வரவேண்டாம் என்பதே கடிதத்தின் சாரம்.

கடிதத்தோடு மாற்றங்களும் வந்தன. உயர்நிலைப் பள்ளியில் அரையாண்டு, இறுதித் தேர்வுகள் கைவிடப்பட்டன. சில இரவுகள் வீட்டுப்பாடம் இல்லாத இரவுகளாக அறிவிக்கப்பட்டன. நான்காம் வகுப்பிலேயே பிள்ளைகளைச் சலித்தெடுத்து வேகக் கணிதத்தில் சேர்க்கும் ஏற்பாடு ஆறாம் வகுப்புக்குத் தள்ளிப்போனது.

கூட்டங்களில் ஊர் இரண்டானது. வெள்ளைக்காரப் பெற்றோர் பலர் வரவேற்றார்கள். ஆசியப் பெற்றோர் பலர், படிப்பின் தரத்தை இறக்குகிறார்கள் என்று கொந்தளித்தார்கள். பத்திரிகைகள் இதை இன மோதலாக எழுதின. எல்லா ஆசியரும் ஒரு பக்கம் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

எதிர்த்த பெற்றோரின் பயத்தை இளக்காரமாகப் பார்க்க என்னால் முடியவில்லை. ஐ.ஐ.டி.யோ அண்ணா பல்கலைக்கழகமோ, ஒரு நுழைவுத் தேர்வோ கட்-ஆஃப் மார்க்கோதான் அவர்களை விமானம் ஏற்றியது. அமெரிக்கக் கல்லூரியில் படித்த தாத்தா அவர்களுக்கு இல்லை. சிபாரிசு செய்ய ஆள் இல்லை. கையில் இருந்த ஒரே ஏணியை யாரோ பிடுங்குவதாக நினைத்தார்கள். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் ஆடர்ஹோல்ட் பக்கம்தான். ஒரே வருடத்தில் 40 பிள்ளைகள் மருத்துவமனையில் என்றால், கொடுக்கும் விலை எவ்வளவு என்று கணக்குப் பார்க்கவேண்டியது பெரியவர்கள். பாடத்தின் ஆழம் ஒன்று, பதற்றத்தின் அளவு வேறு. இரண்டாவதைக் குறைத்தால் முதலாவது குறைந்துவிடும் என்பதற்கு அந்த ஊரில் யாரும் ஆதாரம் காட்டவில்லை.

(மனம் துவளும்போது பேச: அமெரிக்காவில் 988, தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுக்க டெலி மானஸ் 14416.)

பூஜ்யமா, ஐம்பதா?

இப்போது கிரேடுக்கு வருவோம். ஐந்து வீட்டுப்பாடம். நான்கில் 90, ஒன்றைக் கொடுக்கவில்லை, பூஜ்யம். சராசரி 72, ‘சி’ கிரேடு. பூஜ்யத்துக்குப் பதில் குறைந்தபட்சம் 50 என்று வைத்தால் சராசரி 82, ‘பி’ கிரேடு. பிள்ளைக்குப் பாடம் தெரிந்த அளவு இரண்டு கணக்கிலும் ஒன்றுதான்.

‘ஏ’, ‘பி’, ‘சி’, ‘டி’ ஒவ்வொன்றுக்கும் பத்துப் பத்து மார்க் இடைவெளி இருக்க, ‘எஃப்’ மட்டும் பூஜ்யத்திலிருந்து 59 வரை நீள்கிறது. ஒரு பூஜ்யம் விழுந்தால் எழுந்திருக்கவே முடியாது என்று டக்ளஸ் ரீவ்ஸ் என்ற கல்வியாளர் 2004-லேயே வாதிட்டார். முன்னாள் ஆசிரியரும் தலைமையாசிரியருமான ஜோ ஃபெல்ட்மேன் 2018-ல் எழுதிய புத்தகம் இதை ஓர் இயக்கமாக்கியது. கிரேடு என்பது கற்றதை மட்டும் காட்ட வேண்டும். நடத்தை, தாமதம், வீட்டு வசதி ஆகியவை அதில் கலக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

சான் டியகோ மாவட்டக் குழு 2020 அக்டோபரில் ஒருமனதாக இந்த வழிக்கு மாறியது. அவர்கள் முன் இருந்த புள்ளிவிவரம்: கறுப்பின மாணவர்களின் கிரேடுகளில் 20 சதவீதம் ‘டி’ அல்லது ‘எஃப்’. வெள்ளை மாணவர்களுக்கு அது 7 சதவீதம். வீட்டில் அமைதியான அறையும் படித்த அம்மாவும் இருக்கும் பிள்ளைக்கு வீட்டுப்பாட மார்க் இனாமாக வருகிறது என்பது உண்மை. நம் குடும்பங்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றன. ஏனென்றால் அந்த இனாம் பெரும்பாலும் நமக்கே வருகிறது.

ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஐந்தில் இரண்டை மட்டும் செய்து 90 வாங்கி, மூன்றைத் தொடாமல் ஒவ்வொன்றுக்கும் 50 பெற்றால் சராசரி 66. பாஸ். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு இது புரிய ஒரு வாரம் போதும்.

தாராளமாகக் கிரேடு போட்டால் பிள்ளைக்கு நல்லதா? வட கரோலினாவின் இயற்கணித வகுப்புகளை ஆராய்ந்து 2020-ல் சேத் கெர்ஷன்சன் எழுதிய ஆய்வு, கறாராகக் கிரேடு போடும் ஆசிரியரிடம் படித்தவர்களே அதிகம் கற்றார்கள் என்றது. எல்லா வகை மாணவர்களிடமும் அந்தப் பலன் தெரிந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வை நடத்தும் ஏ.சி.டி. நிறுவனத்தின் கணக்குப்படி 2010-க்கும் 2021-க்கும் இடையில் மாணவர்களின் பள்ளி கிரேடுகளின் சராசரியான ஜி.பி.ஏ. 3.22-லிருந்து 3.39-க்கு ஏறியது. அதே காலத்தில் ஏ.சி.டி. தேர்வின் தேசிய சராசரி 21.0-லிருந்து 20.3-க்கு இறங்கியது.

விளைவு கல்லூரி வாசலில் தெரிகிறது. சான் டியகோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 2025 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை பலரை உலுக்கியது. உயர்நிலைப் பள்ளித் தரத்துக்கும் கீழான கணிதத்தோடு சேரும் மாணவர்கள் ஐந்தே வருடத்தில் கிட்டத்தட்ட 30 மடங்காகிவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் எட்டில் ஒருவர் அப்படி. கொரோனா, சேர்க்கையில் எஸ்.ஏ.டி. தேர்வை நீக்கியது என்று காரணங்கள் பல. அவற்றில் பள்ளி கிரேடு வீக்கமும் ஒன்று என்று அந்த அறிக்கை சொல்கிறது. மார்க் அட்டையில் ‘ஏ’ என்று பார்த்துப் பூரித்த பெற்றோருக்கு, பிள்ளைக்குப் பின்னம் தெரியாது என்று பதினெட்டு வயதில் தெரியவந்தால் அந்த ‘ஏ’ யாருக்கு நன்மை செய்தது?

என் தீர்ப்பு இது: பூஜ்யத்தின் அநியாயத்தைப் பற்றி ஃபெல்ட்மேன் தரப்பு சொல்வது சரி, மருந்தாக அவர்கள் தரும் ஐம்பது சரியில்லை. செய்யாத வேலையைச் செய்ய வைக்க வேண்டும். நேரம் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து உதவ ஆள் வேண்டும். அதற்கு மாலை நேர ஆசிரியர் வேண்டும், பணம் வேண்டும். எண்ணை மாற்றுவதற்குச் செலவில்லை. அதனால்தான் குழுக்கள் அந்தப் பக்கம் சாய்கின்றன.

▌பெட்டிச் செய்தி: 94-ஐ 90 ஆக்கிய பெற்றோர்
▌வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்தில் ஒரு காலத்தில் ‘ஏ’ வாங்க 94 வேண்டும். ‘பக்கத்து மாவட்டங்களில் 90-க்கே ‘ஏ’, கல்லூரிச் சேர்க்கையில் எங்கள் பிள்ளைகள் தோற்கிறார்கள்’ என்று பெற்றோர் ‘ஃபேர்கிரேடு’ என்ற பெயரில் திரண்டார்கள். 2009 ஜனவரியில் கல்விக் குழு அளவுகோலை மாற்றியது. இப்போது 93-க்கு ‘ஏ’, 90-க்கு ‘ஏ மைனஸ்’. கிரேடைத் தளர்த்தக் கேட்பவர்கள் சமத்துவம் பேசுபவர்கள் மட்டுமல்ல.

ஓட்டு இல்லை, குரல் உண்டு

‘நாங்கள் ஹெச்-1பி. எங்களுக்கு ஓட்டே கிடையாது, அங்கே போய் என்ன செய்ய?’ என்பது பல தமிழ் வீடுகளில் கேட்கும் பதில். ஓட்டு இல்லாதது உண்மை. ஆனால் கலிஃபோர்னியாவில் 1953-லிருந்து நடப்பிலுள்ள பிரவுன் சட்டப்படி, கல்விக் குழுவின் வழக்கமான கூட்டத்து நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரத்துக்கு முன்னால் ஒட்ட வேண்டும். பொதுமக்கள் பேச நேரம் தர வேண்டும். பேசுபவரின் விசாவை யாரும் கேட்க முடியாது. கல்விக் குழு முறைப்படி அமைக்கும் ஆலோசனைக் குழுக்களுக்கும் இதே விதிதான்.

சான் ஃபிரான்சிஸ்கோ இன்னும் ஒரு படி மேலே. 2016-ல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய திருத்தத்தின்படி, 19 வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள பெற்றோர் குடியுரிமை இல்லாவிட்டாலும் கல்விக் குழுத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பதிவு செய்யும் விவரம் குடியேற்றத் துறையின் கைக்குப் போகக்கூடும் என்று நகர நிர்வாகமே எச்சரிப்பதால், வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

அதே நகரத்தில் 2022 பிப்ரவரியில் கல்விக் குழு உறுப்பினர்கள் மூவரை மக்கள் பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள். லோவெல் என்ற புகழ்பெற்ற பள்ளியின் மதிப்பெண் அடிப்படையிலான சேர்க்கையை மாற்றியது முக்கியக் காரணங்களில் ஒன்று. அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்கள் சீனப் பெற்றோர்.

நம்மவர்களுக்கும் இந்த வழி தெரியாததல்ல. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படிப்பதை அயல்மொழிப் பாடத்துக்கான கிரெடிட்டாகப் பல பள்ளி மாவட்டங்கள் இன்று ஏற்கின்றன. தமிழ்ப் பெற்றோரும் தன்னார்வ ஆசிரியர்களும் மாவட்ட அலுவலகங்களுக்கு நடையாய் நடந்து, பாடத்திட்டத்தை எடுத்துக்காட்டி வாங்கியது அது. தமிழுக்காகப் போன அதே கால்கள் தூக்கத்துக்காகவும் கிரேடுக்காகவும் போகலாம்.

அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கும் வாசகர்கள் அடுத்த வீடியோ காலில் ‘எத்தனை மார்க்’ என்று பேரனைக் கேட்பதோடு நிறுத்த வேண்டாம். உங்கள் மாவட்டத்தின் நலக் குழுவில் பெற்றோர் இடம் காலியாக இருக்கிறதா, கிரேடு முறையை மாற்றும் பேச்சு ஏதும் ஓடுகிறதா, கடைசியாக எப்போது கூட்டத்துக்குப் போனீர்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். நிகழ்ச்சி நிரலை அவர்கள் கடைசிப் பக்கம் வரை படிக்கட்டும்.